அறைக்கு நாலு பேர்

பட்டாசுக் கம்பெனிகளில் ஒரு சட்டம் உண்டு. மருந்து புழங்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. யாரோ பொழுது போகாமல் உட்கார்ந்து எழுதிய சட்டமில்லை அது. பல வீடுகளில் எழவு விழுந்த பிறகு வந்த சட்டம். அதைக் கேலி பண்ணினால் வாய் வெந்துவிடும். ஆனால் விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிற சாலையில் இருக்கும் பொன்வாணம் பயர்ஒர்க்ஸில் அந்தச் சட்டத்தை எங்கே கடைப்பிடித்தார்கள் என்று சொல்லாமல் விட்டாலும் பாவம்தான்.

சீசன் சூடு பிடித்துவிட்டால் மருந்து அறைகளில் அஞ்சு பேர், ஆறு பேர் என்று உட்காருவார்கள். அப்போது நிர்வாகத்தில் யாருக்கும் எண்ணத் தெரியாது. ஆனால் ஆபீசில் முதலாளியின் அறை இருக்கிறதே, ஏசி போட்டு, சாமி படம் மாட்டி, ஒரு சிட்டிகை மருந்துகூட எட்டிப் பார்க்காத அந்த அறையில் மட்டும் சட்டம் நூலளவும் பிசகாது. முதலாளி ஊர்க்காவலன் அண்ணாச்சி ஒன்று. அவர் தம்பி இரண்டு. மைத்துனர் மூன்று. அக்கா மகனும் மேனேஜருமான தருண்குமார் நாலு. கணக்கு முடிந்தது.

டெஸ்பாட்ச் பார்க்கிற சுகிர்தா ஐந்தாவது ஆள். எந்த ஊர் ஆர்டர் எந்த லாரியில் ஏறுகிறது, எப்போது கிளம்புகிறது என்பதெல்லாம் அவள் பொறுப்பு. அதனால் திங்கட்கிழமை மீட்டிங்குக்கு அவளைக் கூப்பிடாமலும் முடியாது, உள்ளே விடவும் முடியாது. ஆறு வருஷமாக வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டுதான் பேசுவாள். குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று கதவைப் பாதி சாத்தி வைத்திருப்பார்கள். அந்தப் பாதிக் கதவு வழியாக அவள் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தூரத்து லோடை மொதல்ல ஏத்துவோம் அண்ணாச்சி. பக்கத்து லோடைப் பிறகு அனுப்பிக்கிடலாம்."

இதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் கிடையாது. மதுரை வியாபாரியும் திருச்சி வியாபாரியும் நேரே கேட்டுக்கு வந்து நின்று சத்தம் போடுவார்கள். சத்தம் போடுகிறவன் சரக்கு முதலில் ஏறும். பாட்னாக்காரர் போடுகிற சத்தம் சாத்தூர் வரைக்கும் கேட்காது. போன வருஷம் பாட்னா லோடு தீபாவளிக்கு மறுநாள் போய் இறங்கியது. அந்த வியாபாரி போனில் இந்தியிலேயே அழுதார். சுகிர்தாவுக்கு இந்தி தெரியாது, ஆனால் அழுகை நன்றாகப் புரிந்தது.

இதைச் சொல்ல ஆரம்பித்தால் உள்ளேயிருந்து தம்பி முதலாளியின் குரல் வரும்: "வெளிய யாரும்மா? பேசுறதுன்னா கதவை இன்னும் கொஞ்சம் சாத்திட்டுப் பேசு. குளிரு போகுது பாரு."

அந்த அறைக்குள் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பேச வேண்டும். சுகிர்தாவின் ஆசை அவ்வளவுதான். ஒருநாள் தருண்குமாரிடம் வாய்விட்டே கேட்டாள். அவன் நல்ல பிள்ளை, மனசில் கள்ளம் இல்லாமல் பதில் சொன்னான். "மேனேஜ்மென்ட் மீட்டிங்ல உக்காரணும்னா எம்.பி.ஏ. படிச்சிருக்கணும்க்கா." அவன் சென்னையில் படித்தது போட்டோகிராபி. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

கேட்காமல் படிக்க ஆரம்பித்தாள். அவள் கணவன் மணிகண்டராஜ் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவன். பிரஸ்ஸில் வீணாய்ப்போன பட்டாசு லேபிள்களை அவளுக்காகக் கட்டிக்கொண்டு வருவான். ஒரு பக்கம் ஆயிரம்வாலா, மறுபக்கம் அவள் போட்ட கணக்கு. இப்படியே இரண்டு வருஷம் கழித்து நுழைவுத் தேர்வில் தேறிவிட்டாள். பேரைச் சொன்னாலே படித்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிற ஒரு கல்லூரி, இங்கேயிருந்து ரயிலில் இரண்டு ராத்திரிப் பயணம், அவளுக்கு முழுநேரப் படிப்பில் இடம் கொடுத்தது. நேர்முகத் தேர்வைக் கம்ப்யூட்டரிலேயே நடத்தினார்கள். மூன்று பேராசிரியர்கள் தோன்றி, "நீங்கள் ஒரு பட்டாசாக இருந்தால் என்ன பட்டாசாக இருப்பீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். பட்டாசைப் பார்க்காத ஊர்க்காரர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "நமுத்துப்போகாத பட்டாசு" என்றாள். மூன்று பேரும் குனிந்து வெகுநேரம் எழுதினார்கள். வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக்குள், வருகிறாளா இல்லையா என்று அவள் பதில் சொல்ல வேண்டும்.

இந்தச் சேதி காதில் விழுந்த அன்றே அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வழக்கம்போல அவள் வாசலில் நின்றாள்.

"ஏம்மா சுகிர்தா, வடக்க போகப் போறியாமே? எதுக்கு? நம்ம கம்பெனியே எம்.பி.ஏ. ஆரம்பிக்கப் போகுது. காலேஜ் கட்டி முடிச்சாச்சு. எங்கயோ ஒரு யுனிவர்சிட்டி, பேரு வாயில நுழையல, அவுக பட்டம் குடுக்காக. செலவு பூராவும் கம்பெனியோடது. நான் எட்டாப்புதான் படிச்சேன். அதனாலதான் படிப்பு மேல எனக்கு அம்புட்டு மரியாதை. அந்த மரியாதை குறைஞ்சிரக் கூடாதுன்னுதான் இதுவரைக்கும் படிச்ச ஆளு ஒருத்தரையும் பக்கத்துல வச்சிக்கிட்டதில்ல."

"சந்தோசம் அண்ணாச்சி. கிளாஸ் எப்பம்?"

"சீசன்ல கிளாஸ் கிடையாது. சீசன்னா வேலைதான் பாக்கணும். சீசன் முடிஞ்சா அடுத்த சீசனுக்குச் சரக்குப் பண்ணணும், அப்பவும் கிளாஸ் வைக்க முடியாது."

"அப்ப எப்பம்தான் அண்ணாச்சி படிக்கிறது?"

"அதைத்தான் டைம் மேனேஜ்மென்ட்னு மொதப் பாடமா வச்சிருக்கோம்" என்றார் அண்ணாச்சி. உள்ளே இருந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள்.

படிப்பு முடிந்ததும் பத்து வருஷம் கம்பெனியை விட்டுப் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் நாள் குறித்திருந்தார்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து, வளர்பிறை முகூர்த்தமாக, அதே வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் வெள்ளோட்டமாக வகுப்பு நடக்கும் என்றார் அண்ணாச்சி. எந்தச் சரக்கையும் ஒரு தடவை கொளுத்திப் பார்க்காமல் ஆர்டர் எடுப்பது அந்த வட்டாரத்து வழக்கமில்லை. சுகிர்தாவும் அதே வழக்கத்தில் வளர்ந்தவள்தான். இதையும்தான் கொளுத்திப் பார்ப்போமே என்று வகுப்புக்குப் போனாள்.

காலேஜைக் கட்டியவர் பத்திரகாளி மேஸ்திரி. சிவகாசி, சாத்தூர் சுற்று வட்டாரத்தில் பாதிப் பட்டாசு ஷெட்டுகள் அவர் கட்டியவை. வாழ்நாளில் வேறு எதையும் கட்டியதில்லை. அண்ணாச்சி அவரைக் கூப்பிட்டு, "நாப்பது பேர் உக்காரணும், நம்ம காம்பவுண்டுக்குள்ள, சட்டப்படி கட்டிரும்" என்றார். மேஸ்திரி சட்டப்படியே கட்டிவிட்டார். அறைக்கு நாலு பேராகப் பத்து அறைகள். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒரு கல்யாணப் பந்தல் போடுகிற இடம். நாலு பக்கமும் வெளியே திறக்கிற கதவுகள். உள்ளே நுழைவதற்கு முன்னால் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்க ஒரு செப்புத் தகட்டைத் தொட வேண்டும். வாசலில் வாளி வாளியாக மணல். கரண்டு இணைப்பு கிடையவே கிடையாது.

"மேஸ்திரி, இது படிக்கிற இடம்லா?" என்று மைத்துனர் கேட்டதற்கு அவர், "எந்த இடமா இருந்தா என்ன மொதலாளி, மனுசன்தான உள்ள இருக்கப் போறான்?" என்று திருப்பிக் கேட்டாராம். வரைபடத்தைச் சரிபார்த்த அதிகாரி, நாற்பதை நாலால் வகுத்துப் பார்த்து, பத்து சரியாக வருகிறது என்று அன்றைக்கே அனுமதி கொடுத்துவிட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, செல்போனைக் கேட்டில் ஒப்படைத்துவிட்டு, பருத்திச் சேலை உடுத்தி, செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு சுகிர்தா எம்.பி.ஏ. வகுப்புக்குள் நுழைந்தாள். அவளுக்குப் பத்தாம் நம்பர் அறை. கூட இருந்த மூன்று பேரில் ஒருவர் கணக்குப்பிள்ளை கனகமணி, ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி இருப்பவர். தருண்குமார் வருங்கால முதலாளி என்பதால் முதல் அறை.

பத்து அறைகளுக்கும் ஒரே பேராசிரியர். முதலில் மதுரையிலிருந்து வந்தவர் மூன்றாவது அறையோடு மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். அடுத்தவர் ஆறாவது அறை வரை போனார், திரும்பி வரவில்லை. கடைசியில் நிர்வாகம் நன்றாக யோசித்து, ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் சாலமன்ராஜைப் பிடித்துப் போட்டது. மாவட்ட அளவில் ஓடியவர். விசிலோடு வந்தார். முதல் அறையில் பாடத்தைத் தொடங்கி, சொல்லிக்கொண்டே ஓடி, அறைக்கு ஒரு பாராவாக, மணி அடிப்பதற்குள் பத்தாவது அறையில் வந்து முடித்துவிடுவார்.

அதனால் ஒரு பாடத்தின் முன்னுரை முழுவதும் முதல் அறைக்குப் போய்ச் சேர்ந்தது, முடிவுரை முழுவதும் பத்தாம் அறைக்கு வந்தது. தருண்குமாருக்கு நிர்வாகம் என்றால் என்ன, தொழில் என்றால் என்ன, மனிதன் என்றால் என்ன என்பதெல்லாம் மனப்பாடம். அதற்கு மேல் ஒரு வரி தெரியாது. பத்தாம் அறைக்கு மாஸ்டர் வேர்க்க விறுவிறுக்க வந்து நிற்கும்போது அவரிடம் மிச்சமிருப்பது ஒரு வாய் மூச்சுதான்.

"ஆகவே..." என்பார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "ஆகவே இதுதான் சிறந்தது. எழுதிக்கிடுங்க."

"எது சார்?" என்று கனகமணி கேட்பார்.

"அது ஏழாம் ரூம்ல சொல்லியாச்சு" என்று சொல்லிவிட்டு விசில் ஊதிக்கொண்டு போய்விடுவார்.

ஒரு வாரத்தில் சுகிர்தாவின் நோட்டில் பதினெட்டு 'ஆகவே' சேர்ந்திருந்தது.

கரண்டு இல்லாததால் படம் போட்டுப் பாடம் நடத்த முடியாது. ஆனால் சிவகாசிக்காரர்களை அச்சு விஷயத்தில் யாரும் அசைக்க முடியாதே. பாடப் படங்களை நாலு கலரில், பளபளவென்று காலண்டராக அடித்து, அறைக்கு ஒன்றாக மாட்டிவிட்டார்கள். அடித்தது மணிகண்டராஜின் பிரஸ்தான். காலண்டரில் தகரப் பட்டை பன்னிரண்டு தாளுக்கு மேல் பிடிக்காது என்பதால் எந்தப் பாடமாக இருந்தாலும் பன்னிரண்டு படங்களோடு முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 'போட்டியாளரைப் புரிந்துகொள்வது எப்படி' என்ற படத்தின் மூலையில் கஜலட்சுமி இருந்தாள். பழைய அச்சுப் பிளேட்டில் இருந்ததை எடுக்க மறந்துவிட்டார்களாம். அதன் கீழே ராகு காலம் போட்டிருந்தது. கனகமணி மட்டும் அந்த ராகு காலம் கழிந்த பிறகுதான் குறிப்பெடுப்பார்.

மார்க்கெட்டிங் பாடம் சூடு பிடித்த அன்று கோடை மழைக்கு வானம் இருட்டி இடி இடித்தது. இடி இடித்தால் பட்டாசு வேலை நிற்க வேண்டும், ஆட்கள் வெளியேற வேண்டும். சைரன் ஊதினார்கள். நாற்பது மாணவர்களும் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிப் போய் மெயின் ரோட்டில் நின்று நனைந்தார்கள். அதே நேரத்தில் பேன்சி வெடி அறைகளில் வேலை நடந்துகொண்டிருந்தது. சீசன் ஆர்டர் முன்கூட்டியே வந்திருந்தது. மழையில் நின்றபடி சுகிர்தா அந்த அறைகளின் பக்கம் பார்த்தாள். ஓர் அறையின் கதவு ஓரத்தில் கிடந்த செருப்புகளை எண்ணினாள். ஆறு ஜோடி. படிக்கிறவர்களைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு இவர்களைக் காப்பாற்றத் தெரியாதா என்று ஆத்திரம் வந்தது. மறுநாள் பாதிக் கதவு வழியாக அதையும் சொன்னாள். குளிர் போவதாகத் தம்பி முதலாளி சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வடக்கே இருக்கும் கல்லூரி, இடம் கிடைத்தவர்களுக்கு வரவேற்புக் கூட்டம் ஒன்றை வீடியோவில் நடத்தியது. போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு அவளும் மணிகண்டராஜும் உட்கார்ந்தார்கள். தலைமைப் பேராசிரியை தோன்றினார். கழுத்தில் பெரிய பெரிய மரமணி மாலை.

"எங்களிடம் ஆசிரியர்கள் கிடையாது, உடன்பயணிகள் உண்டு" என்றார் அவர். "வகுப்புகள் கிடையாது, அனுபவங்கள் உண்டு. தேர்வுகள் கிடையாது, தேடல் உண்டு. நாங்கள் எதையும் சொல்லித் தருவதில்லை. ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர்களைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்."

சுகிர்தா அவன் காதில் தமிழில் சொல்லச் சொல்ல, மணிகண்டராஜ் மோவாயைச் சொறிந்தான். "பீஸ் உண்டா கிடையாதான்னு கேளு."

கேட்டு எழுதினாள். அந்த அம்மாள் கேள்வியைப் படித்துவிட்டுக் கனிவாகச் சிரித்தார். "அதைக் கட்டணம் என்று பார்க்காதீர்கள். உங்கள் மீது நீங்கள் வைக்கும் நம்பிக்கை என்று பாருங்கள். நம்பிக்கையின் முதல் தவணையை ஜூன் பத்தாம் தேதிக்குள் செலுத்த வேண்டும். கல்லூரிப் பேரைச் சொன்னால் வங்கிகள் கேள்வி கேட்காமல் கடன் கொடுக்கும்."

"நம்பிக்கைக்கு பாங்க் லோன் போடணுமாக்கும்" என்றான் மணிகண்டராஜ்.

பிறகு பழைய மாணவர் ஒருவர் பேசினார். கம்பெனி கம்பெனியாகப் போய் ஆலோசனை சொல்வது அவர் வேலை. "ஒரு தொழிலைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் எப்படி ஆலோசனை சொல்வீர்கள்?" என்று சுகிர்தா எழுதிக் கேட்டாள். அவர் ஒளிக்காமல் பதில் சொன்னார். "அந்தக் கம்பெனி ஆட்களிடமே கேட்போம். அவர்களுக்குத்தானே தெரியும்?"

மணிகண்டராஜ் போனைக் கவிழ்த்து வைத்தான். "இங்கன படிச்சா ஓடி ஓடி ஒண்ணும் சொல்லித் தர மாட்டேங்கான். அங்கன உக்கார வச்சு ஒண்ணும் சொல்லித் தர மாட்டேங்கான். இதுக்கு ரெண்டு வருசம் நாம ரெண்டு பேரும் பிரிஞ்சி இருக்கணுமாக்கும்?"

இங்கே இருந்தால் வீடு உண்டு, இவன் உண்டு, கடன் கிடையாது. கம்பெனி பட்டம் வாங்கினாலும் பட்டம் பட்டம்தானே? பத்து வருஷம் போனாலும் அந்த அறைக்குள் போய் உட்கார்ந்துவிடலாம். ஞாயிறு பூராவும் அவள் மனசு இந்தப் பக்கமே சாய்ந்திருந்தது.

திங்கட்கிழமை மீட்டிங்குக்கு வந்தபோது அண்ணாச்சியின் அறை அமர்க்களப்பட்டுக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்திருந்தார். முப்பது வயசுகூட இருக்காது. அவரும் அந்த வடக்கத்திக் கல்லூரியில் படித்தவர்தான். அவருக்கு முந்திரிப் பருப்பு, ஆரஞ்சு ஜூஸ், பன்னீர் ரோஜா மாலை. சுகிர்தா வழக்கம்போல வாசலில் நின்றாள். உள்ளே தருண்குமார் நிர்வாகம் என்றால் என்ன என்பதை அழகாகச் சொல்லி முடித்திருந்தான்.

சற்று நேரத்தில் கன்சல்டன்ட் போன் பேச வெளியே வந்தார். பேசி முடித்ததும் அவளைப் பார்த்து, "ஹலோ, நீங்க டெஸ்பாட்ச்தானே? இங்க மெயினா என்ன பிராப்ளம்?" என்று கேட்டார். ஆறு வருஷத்தில் அவளிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள். கேட்டதுக்குச் சொன்னாள். தூரத்து லோடை முதலில் ஏற்ற வேண்டும், பக்கத்து லோடைப் பிறகு அனுப்பலாம். மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரவைக்கக் கூடாது. அவர் "சூப்பர், சூப்பர்" என்று சொல்லிக்கொண்டே போனில் ஏதோ தட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மத்தியானத்துக்குப் பிறகு திரையில் படம் போட்டார். சுகிர்தா பாதிக் கதவு வழியாகப் பார்த்தாள். 'தொலைவு முன்னுரிமை மேட்ரிக்ஸ்' என்று தலைப்பு. நாலு கட்டம், நாலு கலர், அம்புக்குறிகள். தூரத்துச் சரக்கை முதலில் அனுப்ப வேண்டும் என்பதை அவர் இருபது நிமிஷம் ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டாவது படத்தில், அறைக்கு நாலு பேர் என்பதை மருந்து அறைகளிலும் கடைப்பிடிப்பது உலகத் தரம் என்று இருந்தது.

அண்ணாச்சி எழுந்தே நின்றுவிட்டார். "அடேயப்பா! நம்ம பரம்பரையா லோடு ஏத்துதோம். இது ஒருத்தனுக்கும் தோணலையே!"

"படிச்சவன் படிச்சவன்தாண்ணே" என்றார் தம்பி.

"உடனே அமல் பண்ணணும்" என்றார் மைத்துனர். "மருந்து ரூம்ல நாலு பேருன்னு இன்னைக்கே போர்டு வைங்க. பெங்களூர்ல இருந்து ஒருத்தர் வந்து சொல்லணும்னா எம்புட்டு முக்கியமா இருக்கும்!"

கன்சல்டன்ட் கிளம்பிப் போனார். சுகிர்தா கதவைத் தள்ளினாள். முழுக் கதவும் திறந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் சத்தமாக எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அந்த நாற்காலி அஞ்சு. அஞ்சாவது ஆளு உக்காரக் கூடாதுன்னு சொல்லுவீகளே அண்ணாச்சி. காலையில இருந்து அந்தப் பெங்களூர்க்காரரு உக்காந்திருந்தாரே?"

அண்ணாச்சிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அவரு விசிட்டரும்மா. விசிட்டர் கணக்குல வராது."

"சரி. நம்ம காலேஜ்ல நான் எம்.பி.ஏ. முடிச்சுட்டா?"

"முடிச்சா என்ன, நீ நம்ம ஸ்டாப்தானம்மா? உள்ள வந்தா அஞ்சு ஆயிருமே. சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா?" அவர் முகத்தில் தகப்பனின் வாஞ்சை தெரிந்தது. "உன்னை நான் மறந்திருவனா? நீ பட்டம் வாங்குன மறுநாளே வாசல்ல நீ நிக்கிற இடத்துக்கு நேர் மேல ஒரு பேன் போடச் சொல்லியிருக்கேன். வயரிங்குக்கு ஆளும் பாத்தாச்சு."

சுகிர்தாவுக்கு அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. கதவை முழுதாகத் திறந்தபடியே விட்டுவிட்டு நடந்தாள். பின்னால் குளிர் போகிற சத்தத்தைவிடத் தம்பி முதலாளியின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

வீட்டில் மணிகண்டராஜிடம் சொன்னாள். அவன் கையிலிருந்த மையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டே முழுவதும் கேட்டான்.

"நான் வடக்க போறேங்க."

"அங்கனயும் ஒண்ணும் சொல்லித் தர மாட்டாகன்னு நீயே பாத்தியே."

"சொல்லித் தர வேண்டாம். எனக்குத் தெரிஞ்சதே போதும். அதை உக்காந்து சொல்லுறதுக்கு ஒரு நாற்காலி வேணும். அதை அங்கன போய் வாங்கிட்டு வந்தாத்தான் இங்கன போடுவாக."

அவன் ரொம்ப நேரம் கையையே தேய்த்துக்கொண்டிருந்தான். மை எப்போதோ போய்விட்டிருந்தது. "ரெண்டு வருசம்லா" என்றான் கடைசியில். "போயிட்டு வா. ராத்திரிக்குச் சோறு நான் ஆக்கிக்கிடுதேன். ரசம் மட்டும் எப்படி வைக்கணும்னு சொல்லிட்டுப் போ." அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

வெள்ளிக்கிழமை காலேஜ் வாசலில் தோரணம் கட்டியிருந்தார்கள். தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை, நடுவில் பத்து வருஷ ஒப்பந்தப் பத்திரங்கள். நாலு நாலு பேராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கையெழுத்துக்கும் சாலமன்ராஜ் மாஸ்டர் ஒரு விசில் ஊதினார். பத்தாம் அறையின் முறை வந்தபோது சுகிர்தா பேனாவை வாங்கவில்லை. காலையிலேயே வடக்கே வருகிறேன் என்று பதில் அனுப்பியாயிற்று என்றாள்.

அண்ணாச்சி முகம் கறுத்தது. "உப்பிட்ட கம்பெனியை விட்டுட்டு எந்தக் காலேஜுக்கும்மா போறே?"

பேரைச் சொன்னாள்.

"அது... அந்தப் பெங்களூர்த் தம்பி படிச்ச காலேஜா?"

"ஆமா அண்ணாச்சி."

அவர் கையிலிருந்த தேங்காய் தாம்பாளத்துக்குத் திரும்பிப் போனது. கொஞ்ச நேரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஆறு வருஷமாகப் பார்த்த பிள்ளையை இன்றைக்குத்தான் புதிதாகப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு மேல்துண்டைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

"மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? நல்லாப் போயிட்டு வாங்கம்மா. படிச்சு முடிச்சுட்டு நேரா நம்மகிட்ட வந்திருங்க. அந்த ரூம்ல உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கேன்."

ஒரு நிமிஷம் முன்பு வரைக்கும் 'நீ', இப்போது 'நீங்க'. இரண்டுக்கும் நடுவில் அவள் ஒரு எழுத்துகூடப் படித்திருக்கவில்லை.

கிளம்பப் போனவளை அண்ணாச்சி தணிந்த குரலில் நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்தார். கன்சல்டன்டின் நாலு கட்டம்.

"ஒரு சந்தேகம்மா. அந்தத் தம்பி இங்கிலீசுல சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னையில இருந்து நாங்க நாலு பேரும் வச்சிப் பாத்துக்கிட்டு இருக்கோம், ஒண்ணும் பிடிபடல. இதுபடி பாத்தா எந்த லோடை மொதல்ல ஏத்தணும்? போறதுக்கு முன்னாடி அதை மட்டும் சொல்லிட்டுப் போயிருங்க."

சுகிர்தா தாளை வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்து, அவர் பையிலேயே வைத்தாள்.

"ரெண்டு வருசம் கழிச்சு வந்து சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள். "நின்னுக்கிட்டுச் சொன்னா உங்களுக்குக் கேக்காது. உக்காந்தே சொல்லுதேன்."